ஏரி வரையும் எக்ஸ்டென்ஷன்

"ஏரி வருது. மீனைத்தான் காணோம்," என்றான் கிடோங்கா.

பக்கத்து மேஜையில் மண்டாசியை டீயில் முக்கிக்கொண்டிருந்த செரோடிச் எட்டிப் பார்த்தாள். "புள்ளி சின்னதா இருக்கும். பெருசாக்கிப் பாரு."

கணினி நோட்புக்கில் நிரலை ஓட்டினால் விடை வெறும் எண்களாக வரும். அதை ஏரிப் படமாக்கி, எந்தக் கரையில் எவ்வளவு ஒமேனா மீன் இறங்கியது என்று புள்ளிகளாகக் காட்டத்தான், நிரல் எழுதும் எடிட்டரோடு செருகிக்கொள்ள கிடோங்கா இந்த எக்ஸ்டென்ஷனை எழுதுகிறான். மீன்வளத் துறை அதிகாரி நியாம்வாயா இன்று பார்க்க வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் கிடோங்கா நைரோபிக்கே பஸ் ஏற வேண்டியதுதான். அங்கிருந்து இந்த ஏரிக்கரை ஊரான கிசுமுவுக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆகிறது.

புள்ளியைப் பெரிதாக்கினான். மீன் வரவில்லை. ஓரத்திலிருந்த நிறக்குறிப்புக் கட்டம் வீங்கி ஏரியில் பாதியை மூடியது.

"வேற எக்ஸ்டென்ஷன் ஏதாவது நடுவுல புகுந்து விடையைப் பிடுங்குதோ?" என்றாள் செரோடிச்.

"அப்ப எல்லா விடையும் இதுக்கே வரணும்னு எழுதிடறேன்."

எழுதினான். அதன்பின் இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டாலும் ஏரிதான் வந்தது. பிழைச் செய்திகூட ஏரியாகவே வந்ததால், என்ன பிழை என்று படிக்க வழியில்லை.

"இதுல எதுப்பா பிழை?"

"நடுவுல இருக்கிற ஏரின்னு நினைக்கிறேன்."

அதைப் பழையபடி மாற்றி முடிக்கவும் வாசலில் அதிகாரியின் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"கரையிலேர்ந்து வர்ற எண்ணை இது சரியாப் படிக்கலை," என்றான் கிடோங்கா. "எல்லாத்தையும் பூஜ்யம்ங்குது. பூஜ்யம் வந்தா சோதனைக்கு வச்ச எண்ணைப் போடுன்னு ஒரு வரி சேர்த்துடறேன்."

"அது பொய்யில்லையா?"

"இன்னிக்கு மட்டும்."

ஏரி முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் பூத்தன. உள்ளே வந்த நியாம்வாயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது இந்த வாரக் கணக்கா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும், மேடம்."

"கரை ஒவ்வொண்ணும் சரியா இருக்குமா?"

"ஒரு படகுகூடத் தப்பாது."

அதிகாரி முதல்முறையாகப் புன்னகைத்தார்; உடன் வந்த ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"ரோந்துப் படகு எல்லாத்தையும் கிளம்பச் சொல்லுப்பா. ஒமேனாவுக்குத் தடை போட்டு ஒரு மாசமாச்சு, எவனெவன் திருட்டுத்தனமாப் பிடிக்கிறான்னு இந்தத் தம்பி படம் போட்டே காட்டிட்டார்."