பின் சீட்டு இல்லாத கார் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி சகாதேவன் அவர்களுக்கு, அப்பாதுரை வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நான், ஜோதியம்மாள், மகன் விமல்ராஜ் மூவரும் சுகம். போளூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் நந்தினியும் சுகமென்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை எங்கள் சொந்தக் காரிலேயே அழைத்து வருவோம் என்று தங்கள் உறவினர் முன்னால் மார்தட்டியவன் நான்தான். அந்தக் காரில் இப்போது ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறது. அதில் விமல் உட்காருவான். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு அந்தச் சிவப்புக் காரைச் சென்னைப் பக்கம் ஓர் ஓட்டப் பாதைக்குக் கொண்டு போகிறான். போட்டியா என்றேன், இல்லையாம். பரிசா, அதுவும் இல்லையாம். சுற்றிச் சுற்றி வந்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதி வைத்துக்கொள்கிறான். முப்பது வருடம் கலெக்டர் ஆபீசில் கோப்பு பார்த்த எனக்கு இது விளங்கவில்லை. வண்டி கெட்டால்தானே மெக்கானிக்? இது கெடாமலே வாராவாரம் காசிம் பட்டறையில் நிற்கிறது, நல்ல பிரேக் ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுகிறார்கள், வேகமாகப் போக வேண்டுமென்று டயரில் காற்றைக் குறைக்கிறார்கள், சூட்டில் தானாக ஏறிக்கொள்ளுமாம். முன்சக்கரம் இரண்டும் உள்பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று பதறினால், அப்படிச் சாய்க்கத்தான் இரண்டு நாள் ஆனதாம். ஹெட்லைட் உடைந்தால் சிதறாமலிருக்க டேப் ஒட்டியிருந்தான். திருஷ்டிக்காக்கும் என்று ஜோதியம்மாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள், எடை கூடுகிறதென்று அவிழ்த்துவிட்டான். கதவில் எட்டாம் நம்பர் வேறு.

எல்லாவற்றுக்கும் எடைதான் மூலம். எடை குறைந்தால் வேகம் கூடுமாம். ஸ்டெப்னி போயிற்று, தரைவிரிப்பு போயிற்று, முன் இடப்பக்கச் சீட்டு போயிற்று, பத்து நாளைக்கு முன்னால் பின் சீட்டும் போயிற்று. எங்கே என்றால் பத்திரமாக இருக்கிறது என்கிறான்.

“பின் சீட்டு எவ்ளோ எடைடா?”

“பதினெட்டு கிலோப்பா.”

“நீ?”

பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொண்ணூற்றாறாம். “அப்போ நீ பதினெட்டு கிலோ கொறைச்சுக்கோ, சீட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றேன். காசிம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அதிசயமாக ஒப்புக்கொண்டான். மறுநாளிலிருந்து விடியற்காலையில் கிரிவலம், பதினான்கு கிலோமீட்டர், துணைக்கு நான். அடி அண்ணாமலை வந்தால் இட்லி என்பான், அதைத் தாண்டினால் வடை என்பான், ஊருக்குள் நுழைந்ததும் பூரி. நேற்று எடை பார்த்தோம். நான் மூன்று கிலோ இளைத்திருக்கிறேன். அவன் ஒரு கிலோ கூடியிருக்கிறான். ஓட்டுவது அவன், இளைத்தது நான், இதில் கார் எப்படி வேகமாகப் போகும் என்று எனக்கு இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை வாடகைக் காரில்தான் வருகிறோம், குறையாக நினைக்கக் கூடாது. தங்கையைவிட ஓட்டப் பாதை பெரிதாகிவிட்ட பிள்ளையைப் பெற்றதற்கு வெட்கப்படுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கும் நந்தினிக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அப்பாதுரை

பின்குறிப்பு: போளூருக்குச் சாமான் வாங்கப் போகும் காசிமிடம் இதைக் கொடுத்தனுப்பலாமென்று கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அந்தப் பின் சீட்டு உங்க சம்பந்தி வீட்லதாங்க இருக்குது” என்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று நந்தினி போனில் சொன்னாளாம். இவன் அன்றைக்கே சீட்டைக் கழற்றி, இரும்புக் கால் பற்றவைத்து, உறை தைத்து, மாப்பிள்ளையிடம் கொடுத்து வந்திருக்கிறான். கார் சீட்டைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுப்பதா என்று குதிப்பேனென்று என்னிடம் சொல்லவில்லையாம். குதித்திருப்பேன்தான். மேலே வெட்கம் என்று எழுதிய வரியை அடித்துவிட்டதாகப் பாவிக்கவும், திருப்பி எழுத நேரமில்லை. தாங்கள் இதைக் கூடத்திலிருக்கும் புது சோபாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுந்து நந்தினிக்கு இடம் விடவும்.