தோன்றினால் நானே கேட்பேன்

பெண்கள் படிக்கும் காதல் நாவலை ஆண்கள் திருட்டுத்தனமாகப் படிக்கக் கூடாது. படித்தாலும் நம்பக் கூடாது. நம்பித் தொலைத்தாலும், அதை நடித்துக் காட்ட ஓடைப்பட்டி வரைக்கும் பஸ் ஏறிப் போகக் கூடாது.

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டில் அந்த நாவல்களுக்குச் சொந்தக்காரி என் தங்கை கலா. வாடகை நூலகத்தில் எடுத்து வந்து மெத்தைக்கு அடியில் வைப்பாள். செல்போன் எங்கள் தெருவுக்கு வந்த புதிது அது. தேனியில் பம்ப்செட் கடை வைத்திருந்த நான், மதியம் சாப்பிட வரும்போது அவற்றை உருவிப் படிப்பேன். (குழம்புக் கறை படாமல் படிப்பதில் எனக்குத் தனித் திறமை உண்டு.)

எல்லாக் கதையிலும் நாயகன் ஆறடி உயரம். மலைமேல் பங்களா. சிரிக்க மாட்டான், ஒற்றைப் புருவத்தை மட்டும் உயர்த்துவான். பாதிக் கதை வரைக்கும் அந்தப் பெண்ணை அழ வைப்பான். அவளும் அவனையே நினைத்து உருகுவாள். பெண்கள் எழுதி, பெண்கள் வரிசையில் நின்று வாங்கிப் படிப்பது எப்படித் தப்பாக இருக்கும்? அவர்களுக்குப் பிடித்த ஆண் இவன்தான் என்று முடிவுகட்டினேன். அதற்கு முந்தைய மாதம் பெண் பார்த்த இடத்தில், "மாப்பிள்ள எதுக்கெடுத்தாலும் இளிக்கிறாரு" என்று சொல்லி என்னைத் தட்டிக் கழித்திருந்தார்கள். எனவே ஓடைப்பட்டியில் இளிப்பதில்லை என்று சபதம்.

திராட்சைத் தோட்டக்காரர் வீடு. அம்மாவும் கலாவும் என்னோடு வந்திருந்தார்கள். பெண் சுமதி காப்பித் தட்டோடு வந்தாள். அவளுடைய மாமா ஒருவர், முறுக்குத் தட்டு இருப்பது தெரியாமல் அதன்மேல் உட்காரப் போனார். இவள் ஒன்றும் பேசாமல், காப்பி தளும்பாமல், காலாலேயே தட்டை நகர்த்திவிட்டாள். இவள்தான் என்று மனசு அடித்துச் சொன்னது. புதுசாகப் போட்ட போர்வெல்லில் முதல் தண்ணீர் வரும்போது வருகிற சந்தோஷம். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து, புருவத்தை உயர்த்தி (இரண்டுமே உயர்ந்துவிட்டன), அந்த மாதம் மனப்பாடம் செய்திருந்த வசனத்தைச் சொன்னேன்.

"காப்பி வேணாம். குடிக்கணும்னு தோணுனா நானே கேப்பேன்."

எங்கள் பக்கம், பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை காப்பியைத் தொடவில்லை என்றால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மலைப் பங்களாக்காரன் மண்டைக்குள் புகுந்திருந்ததால் எனக்கு மட்டும் மறந்துவிட்டது.

சுமதியின் அப்பா முகம் தொங்கிப்போய், துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "சரிங்க, கடைசி வண்டிக்கு நேரமாயிருமே" என்றார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். எல்லாரும் எழுந்தே விட்டார்கள். கதைப்படி இந்நேரம் கண்கலங்க வேண்டிய சுமதியோ, கடைக்காரர் கிழிந்த நோட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கலா பக்கம் திரும்பினாள்.

"நீங்க கதைப் பொஸ்தகம் படிப்பீகளா?"

"படிப்பேன்."

"மலைப் பங்களாக்காரரு காப்பிய மறுத்துட்டு இதே மாதிரி சொல்லுவாரே, அந்தக் கதை படிச்சீகளா?"

கலா மெதுவாக என்னைப் பார்த்தாள். "அண்ணே, மெத்தைக்கு அடியில கைய விட்டது நீதானா?"

"ஏலே, மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு இதத்தான் பண்ணுனியா? கணக்குப் பாக்குறேன்னு சொன்னியேடா" என்றாள் அம்மா.

கூடம் முழுக்கச் சிரித்தது. முறுக்குத் தட்டு மாமாவுக்குப் புரை ஏறியது. சுமதி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் இந்த நாவல்களைப் பற்றிக் கருத்து இருந்தது.

"நல்ல கதைதான். எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த மாதிரி ஆள நெசத்துல எவ கட்டுவா? பொஸ்தகத்துல அவன் ரொம்பப் பேசுனா மூடி வச்சுரலாம். வீட்டுல இருந்தா யாரு மூடுறது?"

அத்தனை மாதமாக மெத்தைக்கு அடியில் தேடியும் இது எனக்குக் கிடைக்கவில்லை. வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, "அந்தக் காப்பி இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆடை கட்டிருச்சு."

"பரவாயில்ல, குடுங்க."

ஆடையோடு ஒரே மடக்கில் குடித்தேன். பாதி புதுச் சட்டைக்குப் போனது. அவள் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அப்போது என் முகத்தில் வந்தது சுத்தமான பழைய இளிப்பு. சுமதியும் அப்போதுதான் சிரித்தாள்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் இன்னும் அந்த நாவல்களைத்தான் படிக்கிறாள். இப்போது என் கண்ணெதிரே மேசைமேல் கிடக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டிலும் ஓடைப்பட்டியிலும் யாரும் எனக்குத் தானாகக் காப்பி கொடுப்பதில்லை. "மாப்பிள்ளைக்குத் தோணுனா அவுகளே கேப்பாக" என்று மாமியார் அடுக்களையிலிருந்தே சொல்லிவிடுவார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட, மகள் இரண்டு டம்ளரோடு என்னைத் தாண்டிப் போனாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் அம்மாவுக்கு. நல்ல மணம்.

எனக்குத் தோன்றியது. கேட்டேன்.