கியூ சுவாமி தானம் செய்த என் இடம்

யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதிரிமார் எல்லாரிலும் என்னை அதிகம் ஆத்திரப்படுத்தியவர் கியூ சுவாமிதான். ஏழைகளுக்குச் சேவை செய்யவென்று ஐரோப்பாவிலிருந்து வந்து, வடமராட்சிக் கடற்கரையில் ஒரு மாதா கோயிலில் இருந்தார். மற்றவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். இவர் முப்பது வருடம் வரிசையில் நின்றார்.

கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கியூவில் நின்றால் அன்று அடுப்பு எரியாது. அவர்களுக்குப் பதிலாக இவர் நிற்பார். கிளினிக் நம்பரோ, மண்ணெண்ணெயோ, பிறப்புச் சான்றிதழோ, காலையிலேயே வெள்ளை அங்கியும் கறுத்த குடையுமாகப் போய்விடுவார். உரியவர் வேலையை முடித்துவிட்டு வந்து இடத்தை வாங்கிக்கொள்வார். ஒருமுறை வேப்பமரத்தடியில் செருப்பு வார் பூட்டக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தால், ஏதோ கியூ என்று நினைத்துப் பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். கடைசி ஆள் மண்ணெண்ணெய்க் கானோடு வந்திருந்தார்.

கொடுமை என்னவென்றால், அந்த மனிதர் நிற்கவே தேவையில்லை. வெள்ளைத் தோலைக் கண்டதும் அதிகாரிகள் ஓடிவந்து உள்ளே கூப்பிடுவார்கள்.

"எனக்கு முன்னுக்கு நிக்கிற ஆக்களைக் கூப்பிடுங்கோ தம்பி. அவையள் முடியட்டும், நான் வாறன்" என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டு லொறி, தோட்டம், கருவாட்டு வாடி என்று திரிந்தவன். அடையாள அட்டை எந்த லொறியிலோ போய்விட்டது. மருதனார்மடச் சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓர் ஐஸ் கொம்பனியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், படுக்க இடம். இரண்டும் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அட்டையோடு வரவேண்டும் என்றார்கள். கருவாட்டு வாடிக் காலத்தில் பழகிய சுவாமி, அட்டை எடுக்கும் அலுவலகத்தில் எனக்காகத் தானே நிற்பதாகச் சொன்னார். நம்பினேன்.

புதன்கிழமை மூட்டை இறக்கிவிட்டு ஓடிப்போனால், சுவாமி வரிசையின் கடைசியில் நிற்கிறார். என் இடத்தை ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டாராம். வியாழன் ஒரு கர்ப்பிணி. வெள்ளி நான் போய்ச் சேர்ந்தபோது, கௌன்ரரில் ஒரு கைப்பிள்ளைக்காரி நிற்கிறாள். அது என் இடம். அவளோடு அன்றைய வேலை முடிந்தது என்று கதவைச் சாத்தினார்கள்.

"சுவாமி, உங்கடை இடமெண்டால் குடுங்கோ. என்ரை இடத்தைக் குடுக்க நீங்கள் ஆர்?"

அவர் குடையை மடக்கினார்.

"அவளின்ரை பிள்ளைக்குக் காய்ச்சல். உனக்குக் கத்துற பலம் இருக்குத்தானே. திங்கள் நிப்பம்."

ஐஸ் கொம்பனிக்காரர் திங்கள் வரை நிற்கவில்லை. வேறொருவன் அங்கே படுத்துச் சம்பளம் எடுத்தான். நான் பழையபடி சந்தைச் சாக்கின்மேல் படுத்தேன். பிறகொருநாள் சுவாமியே நின்று, படம் பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டு, அட்டையை எடுத்துத் தந்தார். அதிலுள்ள படத்தில் என் முகம் இன்றைக்கும் அவரைத்தான் முறைக்கிறது. அதன் பிறகு அவரோடு நான் கதைக்கவில்லை.

இந்த வருடம் அவர் செத்துப்போனார். தன் நெஞ்சு வலிக்கு எடுத்த கிளினிக் நம்பரையும் யாருக்கோ கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாராம். கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெட்டிக்கு முன்னால் நின்றாவது நாலு வார்த்தை கேட்கவேண்டுமென்று பஸ் ஏறினேன்.

கோயில் வாசலிலிருந்து கடற்கரை ரோட்டு முழுக்க வரிசை. நானும் கடைசியில் போய் நின்றேன். பெரிய மனிதர் ஒருவர் வாகனத்தால் இறங்கி, மலர்வளையத்தோடு நேரே உள்ளே நடந்தார். மீன்காரப் பெண் ஒருத்தி மறித்தாள்.

"ஐயா, கியூவிலை வாங்கோ. இல்லாட்டி அவர் எழும்பிவந்து உங்களுக்குப் பின்னாலை நிப்பார்."

அவர் எங்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

வரிசை நகர்ந்து நகர்ந்து, எனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். பெட்டியின் விளிம்புக்கு மேலே அவருடைய செருப்பின் தேய்ந்த அடி தெரிந்தது. பின்னால் நின்ற அம்மாவை முன்னுக்குப் போகச் சொன்னேன். அவருக்குப் பின்னால் நின்றவரையும் விட்டேன். அந்தப் பெரிய மனிதரையும் விட்டேன். மணியடித்துப் பெட்டியை மூடும்வரை நான் வரிசையில்தான் நின்றேன். அன்றைக்கு எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.