மார்லிஸ் மனம் நோகாமல்

"தானா வேலையை விட்டவங்களுக்கு உதவித்தொகை கிடையாதுங்க," என்றது வேலையில்லாதோர் உதவி அலுவலகத்தின் தொலைபேசிக் குரல்.

ஓர்லின் தலையைச் சொறிந்தார். மினசோட்டாவில் ஏரிகள் உறைந்துவிட்டன. வசந்தம் வரை வீட்டைச் சூடாக வைத்திருக்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்.

"எங்க படகுத் தொழிற்சாலை மேனேஜரம்மா என்னை வேலையை விட்டு அனுப்பத்தாங்க வந்தாங்க. வாயைத் திறக்குமுன்னே அழுதுட்டாங்க. பாவமாப் போச்சு. 'நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே போகணும்னுதான் இருந்தேன்'னுட்டேன்."

"அதுக்குப் பேருதாங்க விடுறது."

மனைவி லவோன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இனிமே உங்க மரியாதையைக் கொளுத்தித்தான் குளிர் காயணும்!"

ஓர்லின் மேல்முறையீடு செய்தார். வேலையை விட்டதற்கு நியாயமான காரணம் கேட்டார்கள். மேனேஜர் மார்லிஸைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. 'தங்கமான மேனேஜர்' என்று எழுதி அனுப்பினார்.

"விளங்கிடும்!" என்றாள் லவோன். "அந்தம்மாகிட்ட நேராப் போய், 'நான்தான் அனுப்ப வந்தேன்'னு விசாரணையில சொல்லச் சொல்லுங்க."

போனார். மார்லிஸ் காபி நீட்டினாள். ஊர் வழக்கப்படி இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். பனியைப் பற்றிப் பேசினார்கள். மீனைப் பற்றிப் பேசினார்கள்.

வாசலில் அவளே கேட்டாள்: "வீட்ல எப்படி இருக்கீங்க?"

"பிரமாதம்! இவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அடிமடியில் தானே கை வைத்துக்கொண்டது காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

விசாரணை தொலைபேசியில் நடந்தது. ஓர்லின், மார்லிஸ், அதிகாரி, மூவரும் இணைப்பில். லவோன் ரிசீவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"மார்லிஸ் அம்மா, அன்னிக்கு இவரை அனுப்பத்தானே போனீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ஐயோ, சேச்சே! இவரையா? வீட்ல பிரமாதமா இருக்கேன்னு அவரே சொன்னாருங்க."

லவோன் ஓர்லின் தொடையைக் கிள்ளினாள்.

"அப்போ எதுக்கும்மா அழுதீங்க?"

மார்லிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"நான் ஓய்வு எடுத்துக்கறேன், இனிமே நீங்கதான் மேனேஜர்னு சொல்ல வந்தேங்க, அவரு அவ்வளவு ஆசையாக் கிளம்புறாரு, கெடுப்பானேன்னு விட்டுட்டு, ஆள் கிடைக்காம இன்னும் நானே உக்காந்திருக்கேன்."