அறுபத்து மூன்றாம் பக்கத்துப் பருக்கை

நூல் எழுதுவது துன்பமன்று. அதனைத் தன் செலவில் அச்சிடுவதும் துன்பமன்று. அச்சிட்ட நூலைப் பிறன் ஒருவன் படித்து, அதைப்பற்றி நான்கு வரி எழுதுமாறு செய்வதே மக்கட்பிறவி எடுத்தோர்க்கு வாய்த்த துன்பங்களுள் தலையாயது. இதனை இத்தனை ஆண்டுகள் கடந்தும் சினத்தோடுதான் சொல்கிறேன். ஐயம் உடையார் ஒரு நூலை அச்சிட்டுப் பார்க்கட்டும்.

உலகப்போர் மூள்வதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நான் திருச்சிராப்பள்ளியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தமிழாசிரியன். ‘பழந்தமிழர் ஊண்நெறி’ என்னும் ஆராய்ச்சி நூலை எழுதி, பெரிய கடைவீதியில் காதர் ராவுத்தர் நடத்திய அச்சுக்கூடத்தில் நானே வெளியிட்டேன். நம் முன்னோர் எதை உண்டனர், எப்போது உண்டனர், எவ்வாறு உண்டனர் என்பதே நூற்பொருள். (எவ்வளவு உண்டனர் என்பதற்குத் தனி இயலே உண்டு. இளமைதானே, விட்டுவிடுங்கள்.)

அந்நாளில் நகரத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளர் இடம் ஒழிந்திருந்தது. அதன் முதல்வர் கடல் கடந்து வந்த பாதிரியார். தமிழை இலக்கணத்தோடு கற்று, இலக்கணத்தோடே பேசுபவர். நூலும் கையுமாய் அவர்முன் நின்றேன்.

“இந்நூலைக் கற்றோர் எவரேனும் மதிப்பிட்டு எழுதியுள்ளனரா?” என்றார்.

“நூல் இதோ இருக்கிறது, ஐயா.”

“நூல் எல்லாரிடமும் இருக்கிறது. மதிப்புரை கொண்டு வாரும். திருவரங்கத்து ஆச்சாரியார் இரண்டு வரி எழுதிவிட்டால், எம் குழுவில் உம்மை மறுப்பார் இலர்.”

அன்று தொடங்கியது என் அலைச்சல்.

மதிப்புரை வேண்டுவோர் இரண்டு படிகள் அனுப்புக என்று இதழ்கள்தோறும் அச்சிட்டிருப்பார்கள். ஒரு படி மதிப்புரையாளர் படிப்பதற்கு. மற்றொன்று எதற்கு என்று நான் வினவியதில்லை. வினவியிருக்க வேண்டும். சென்னை இதழ் ஒன்று என் நூலைப்பற்றி இவ்வாறு எழுதிற்று: ‘இதிலுள்ள செய்யுட்கள் செவிக்கினியவை. மாணவர் மனப்பாடம் செய்யத் தக்கவை.’ என் நூலில் ஒரு செய்யுளேனும் இல்லை, முழுதும் உரைநடை. அதனை மனப்பாடம் செய்த மாணவன் எவனேனும் இருந்தால், அவன் பெற்றோர்க்கு என் இரக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சில நாள் கழித்துத் தெப்பக்குளத்தருகே பழைய புத்தகக் கடையில் என் நூலையே கண்டேன். அக்காலத்தில் தாள்களின் ஓரம் மடிந்தபடியே நூல் வரும். படிப்போர்தாம் கத்தியால் கீறிக்கொள்ள வேண்டும். அந்தப் படியில் ஒரு மடிப்பும் கீறப்படவில்லை! உள்ளே, ‘மதிப்புரைக்காக அன்புடன்’ என்று நான் எழுதிய எழுத்து மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

நூலோடு ராவுத்தரிடம் ஓடினேன்.

“பாத்தீங்களா ராவுத்தரே! படிக்காமலே எழுதியிருக்கான் பாவி!”

ராவுத்தர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நூலை வாங்கிப் பார்த்தார். “பண்டிதரே, படிச்சிட்டுத் திட்டுறதுக்குப் படிக்காமப் புகழ்ந்தது தேவலைன்னு போங்களேன். அல்லா உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கான்.”

“எனக்குப் புகழ் வேண்டாம்; படிப்பு வேணும்!”

“அது நம்ம அச்சாபீஸ்ல கிடைக்காதுங்க. நாம மை தடவுறதோட சரி.”

அவரைக்கொண்டே எஞ்சிய படிகளின் ஓரங்களை அறுப்பித்து வீட்டிற்குக் கொணர்ந்தேன். அன்று நான் கண்டுபிடித்த உத்திக்கு என்னை யாராவது பாராட்டியிருக்க வேண்டும். ஒருவரும் பாராட்டவில்லை. உத்தி இதுதான்: ‘சோறு’ என்னும் இயல் தொடங்கும் இடத்தில், எதிரெதிரே நிற்கும் அறுபத்திரண்டாம் பக்கத்தையும் அறுபத்து மூன்றாம் பக்கத்தையும் மூலையில் இலேசாக ஒட்டிவிடுவது. படித்தவன் கையில் அது எளிதாக விட்டுவிடும். படியாதவனைக் காட்டிக்கொடுக்கும். பிசின் தடவினால் தாள் கிழியும். ஆதலின், அஞ்சல் உறை ஒட்ட வீடுதோறும் பயன்பட்ட பொருளையே தேர்ந்தேன்: ஒரு சோற்றுப் பருக்கை.

என் மனைவி மரகதம் அடுக்களை வாயிலில் வந்து நின்றாள்.

“ஏங்க, கிண்ணத்துல சோத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? புத்தகத்துக்கு ஊட்டி விடுறீங்களா?”

“இது ஆராய்ச்சி. உனக்கு விளங்காது.”

“விளங்குது விளங்குது. இனி எறும்புதான் உங்க புத்தகத்துக்குள்ள போயிப் படிக்கும்.”

நான் அடுத்த பருக்கையை எடுத்தேன்.

முதற்படி, தாசில்தார் வேலை பார்த்து ஓய்ந்து புத்தூரில் குடியிருந்த முத்துக்குமார முதலியாருக்குச் சென்றது. ஊரில் எந்தக் கூட்டத்திற்கும் அவரே தலைவர். மேலும் அவர் அந்தக் கல்லூரிக் குழுவின் உறுப்பினர். மூன்றாம் நாள் அவர் வீட்டிற்குச் சென்றபோது என் நூல் மேசைமேல் காப்பி டவராவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க வாங்க! ஒரே மூச்சுல படிச்சேங்க. கீழ வைக்க மனசு வரலை!” என்றார். டவராவை எடுத்துவிட்டு, நூலை வாழ்த்தி ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தார். அட்டையில் வட்டமாகக் கறை. நூலைத் திறந்து பார்க்க என் கை துடித்தது. நயத்தக்க நாகரிகம் கருதி அடக்கிக்கொண்டேன்.

அடுத்துத் திருவரங்கம். திருமலாச்சாரியார் உத்தர வீதியில் இருந்துகொண்டு மாத இதழ் ஒன்றை நடத்தினார். அவ்விதழின் மதிப்புரைப் பகுதிக்கு அஞ்சாத நூலாசிரியர் இல்லை. ஏனெனில் அம்மனிதர் படிப்பவர்!

“வாருங்கோ, வாருங்கோ. பெருமாள் சேவிச்சேளா?” என்று வரவேற்றார். “அடியேனுக்கு ஒரு வழக்கம். ஸ்நானம் பண்ணிட்டு, பெருமாள் உள்ளுல உக்காந்து, முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசிச்சாத்தான் பேனாவைத் தொடுவேன். அடுத்த வாரம் வந்து வாங்கிண்டு போங்கோ.”

கண்ணீர் மல்கிற்று எனக்கு. அவர் என் நூலை இரு கையாலும் ஏந்திச் சென்று, வழிபாட்டு அறையில் ஓலைச்சுவடிகளாகிய தம் ஸ்ரீகோசங்களின்மேல் வைத்தார். நான் கைகூப்பி நின்றேன். அந்தப் படியிலும் பருக்கை இருந்தது என்பது என் நினைவிலேயே இல்லை.

அடுத்த வாரம் சென்றேன். வாயிலிலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது. முற்றம் முழுவதும் ஓலைச்சுவடிகள் வெயிலில் கிடந்தன. வீடு ஒருமுறைக்கு இருமுறை கழுவப்பட்டு ஈரமாய் இருந்தது. வாயிற்படிக்கு வெளியே ஒரு வாழையிலை. இலைமேல் என் நூல். நூலின் அருகே இடுக்கி.

ஆச்சாரியாரின் மனைவியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் சொல் இல்லை.

“வந்துட்டாரா? கேளுங்கோ! சாதத்தைக் கொண்டுவந்து பெருமாள் உள்ளுல வச்சுட்டுப் போயிருக்காரே, கேளுங்கோ!”

ஆச்சாரியார் சினக்கவில்லை. சினந்திருந்தால் தாங்கியிருப்பேன். “ஸ்வாமி, அறுபத்து மூணாம் பக்கத்துல ஒரு பருக்கை இருந்தது. சாதம் பட்ட கை பட்டாலே பத்து, தீட்டுன்னு அலம்பிக்கறோம். இது ஸ்ரீகோசத்துமேலயே ஒரு வாரமா இருந்திருக்கு. எப்படி வந்தது?” என்றார் வருத்தமாக.

மன்னிப்பு வேண்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் தருக்க நூல் கற்றவன் ஆயிற்றே! நிமிர்ந்து நின்று உரைத்தேன்:

“ஐயா, சற்று எண்ணிப் பாருங்க. புத்தகம் கட்டுற பசை எது? மாவைக் காய்ச்சின கூழ்தானே? கட்டின புத்தகம் எல்லாத்துலயும் வெந்த மாவு இருக்கு. அதுக்கு இல்லாத தீட்டு என் பருக்கைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

மறுக்க இயலாத வாதம். இன்றும் அதில் ஒரு குற்றமும் காண்கிலேன்.

ஆச்சாரியார் தம் மனைவியைப் பார்த்தார். மனைவியார் அலமாரியைப் பார்த்தார். அலமாரி நிறையக் கட்டிய நூல்கள். தமிழ்நாட்டின் நான்கு மூலையிலிருந்தும் மதிப்புரைக்கு வந்து, முறை நோக்கிக் காத்திருந்தவை.

“ஏன்னா, அவர் சொல்றது வாஸ்தவமா?”

“வாஸ்தவம்தான் போலருக்கே,” என்றார் ஆச்சாரியார் மெல்ல.

“அப்போ அத்தனையும் பத்தா? இத்தனை நாளா பத்தோடயா குடித்தனம் பண்ணிண்டிருக்கோம்? எடுங்கோ இடுக்கியை!”

என் கண்முன்னே அந்நூல்கள் ஒவ்வொன்றாக இடுக்கியில் தொங்கிக்கொண்டு வெளியேறின. தடித்த அகராதி ஒன்று இடுக்கியில் நிற்காமல் விழுந்து என் கால்விரலை நசுக்கிற்று. (ஐயோ என்றுகூட அலறவில்லை. அலறும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.) அவ்விதழின் மதிப்புரைப் பகுதி அன்றோடு நின்றது. படித்து எழுதிய ஒரே மதிப்புரையாளரை, படியாதவரைப் பிடிக்க வைத்த பொறியில் நான் பிடித்துவிட்டேன். முறை நோக்கிக் காத்திருந்த நூலாசிரியர் அனைவரும் என்னைச் சபித்திருப்பர். அவர்கள் சாபம் நியாயமானது.

ஆயினும் ஆச்சாரியார் சொன்ன சொல் தவறாதவர். தம் கடைசி மதிப்புரையாக என் நூலைப்பற்றி எழுதியிருந்தார்: ‘அறுபத்திரண்டாம் பக்கம்வரை இந்நூல் நுண்ணிய ஆராய்ச்சி வாய்ந்தது. அதற்குமேல் நாம் படிக்க இயலாது போயிற்று. காரணத்தை ஆசிரியர் அறிவார்.’

அவ்விதழோடுதான் கல்லூரிக் குழுவின்முன் அமர்ந்தேன். நடுவில் முதல்வர். பக்கத்தில் முத்துக்குமார முதலியார், கையில் என் நூல், அதே காப்பிக் கறையோடு.

முதலியார் முந்திக்கொண்டார். “அருமையான புஸ்தகங்க ஃபாதர். சோறு பத்தின அத்தியாயம் இருக்கே, அடடா! நான் ரெண்டு தடவை படிச்சேன்.”

முதல்வர் ஆச்சாரியாரின் மதிப்புரையைப் படித்துவிட்டு என்னை நோக்கினார். “அறுபத்திரண்டாம் பக்கத்தோடு அவர் நிறுத்திய காரணம் யாது?”

வேறு எவனாயினும் அவருக்குக் கண்நோய் என்று சொல்லித் தப்பியிருப்பான். எனக்கோ உண்மை பேசும் நோய். படியாமல் எழுதும் தீமையைச் சினத்தோடு எடுத்துரைத்தேன்; பழைய கடையில் கண்ட படியைச் சொன்னேன்; பருக்கையைச் சொன்னேன்; “எல்லாப் படியிலும் ஒட்டினேன்” என்று பெருமையோடு முடித்தேன். சொல்லி முடித்த பின்னர்தான் முதலியாரின் முகம் என் கண்ணில் பட்டது.

முதல்வர் கை நீட்டினார். “முதலியார் அவர்களே, உம் படியைச் சற்றுத் தாரும்.”

“எதுக்குங்க ஃபாதர்? அது... காப்பிக் கறை இருக்கு...”

“கறை எம்மை வருத்தாது.”

முதல்வர் புரட்டினார். அறுபத்தொன்று வந்தது. அடுத்து அறுபத்து நான்கு வந்தது. இடையில் இருந்தவை வரவில்லை. விரல்நுனியால் நீக்கியதும், காய்ந்து போன என் பருக்கை மேசைமேல் உதிர்ந்தது.

“அது வந்துங்க,” என்றார் முதலியார், “தலைப்பைப் பாத்தவுடனேயே விஷயம் மனசுல பதிஞ்சிருச்சுங்க.”

முதல்வர் சிரிப்பை அடக்க இருமினார். என்னை வாயில்வரை வந்து வழியனுப்பியபோது தோளில் கைவைத்தார். “பண்டிதரே, உம் சோதனை சரியானது. ஆனால் நீர் எம்மிடம் வந்தது நாம் உம்மைச் சோதிப்பதற்கு.”

அவ்விடம் வேறொருவருக்குச் சென்றது. அவர் எழுதிய நூல் அச்சிலேயே ஏறவில்லை. ஆகவே அதைப் படிக்கவில்லை என்று எவர்மேலும் பழி சுமத்த இயலாது. என் கூற்று மெய்ப்பிக்கப்பட்டது, கல்லூரி வேலை கைநழுவிற்று. இரண்டும் ஒரே பருக்கையால்! இதற்குச் சினவாமல் வேறு எதற்குச் சினப்பது?

பள்ளியிலேயே ஓய்வுபெற்றேன். எங்கள் வீட்டில் மட்டும் அப்பருக்கை ஓய்வுபெறவில்லை. பிள்ளைகள் “பாடம் படிச்சாச்சு” என்றால் மரகதம், “அறுபத்து மூணு திறந்துச்சா?” என்பாள். மருமகன் எங்கள் கடிதத்தைப் படித்ததாகச் சொன்னாலும் அதே கேள்விதான்.

இக்கட்டுரையை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்புமுன் அவளிடம் நேற்றுக் கொடுத்தேன். காலையில் திருப்பித் தந்தாள்.

“நல்லா இருக்குங்க. அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பிழை பாத்துடுங்க.”

“காப்பி குடிக்கும்போதே முழுவதும் பார்த்துவிட்டேன். ஓர் எழுத்துப் பிழையும் இல்லை,” என்றேன், காப்பி முடிந்ததும் தாள்களை அவளிடம் நீட்டி.

அவள் தாள்களை வாங்கி நடுவில் பிரிக்க முயன்றாள். மூன்றாம் தாளும் நான்காம் தாளும் பிரியவில்லை. மூலையில், அவள் கையால் ஒட்டிய பருக்கை ஒன்று அப்படியே இருந்தது.