செக்கிங்கின் வியாதி

சிவகாசியில் செக்கிங்கின் கை படாத சட்டைப்பை கிடையாது. கலெக்டரே வந்தாலும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டிருப்பார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவருக்கு வாசலில் சோதனை போடும் வேலை; அதனால் பேரே செக்கிங் ஆகிவிட்டது. வருகிறவர்களின் பையில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடிமருந்து அறைக்குள் போகுமுன், உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்க, எல்லோரும் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அதையும் அவர்தான் கவனிப்பார். சிக்கல் என்னவென்றால், ஆலை சாயங்காலம் மூடிவிடும். செக்கிங் மூடமாட்டார்.

செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் நாங்கள் இருவரும் ஒரே லாட்ஜ் அறையில் இருந்தோம். உள்ளே நுழையுமுன் ஜன்னல் கம்பியைத் தொடுவார். உரசினால் பொறி பறக்கும் என்று நாற்காலியை இழுக்கமாட்டார், தூக்கி வைப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டவர், அப்படியே பையையும் தடவினார். மாப்பிள்ளை அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் பத்திரிகை நிருபர். தபால் வழியில் உளவியலும் படித்துக்கொண்டிருந்தேன். மனநோய்கள் பற்றிய புத்தகம் வந்ததும், முதல் பாடத்தைத் தாண்டி நேராக நோய்ப் பட்டியலுக்குப் போனேன். இரண்டே நாளில் எனக்கு நான்கு நோய்கள் இருந்தன. ஐந்தாவது, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் நோய். அதைப் படிக்கும்போது செக்கிங் என் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இது வியாதி. பேரே போட்டிருக்கு.”

“எழுதுனவரு பையில தீப்பெட்டி இருக்கும், பாரு” என்றார்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஏழு இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. எட்டாவது, காரியாபட்டிப் பெண், சிவகாசியில் நர்ஸ். டீக்கடையில் என்னிடம் விசாரித்த தரகரிடம், நிருபர் புத்தியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். நோயின் பெயரோடு.

பெண் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். அந்த வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். பெண்ணின் அப்பா கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட்ட கை, இறங்கும் வழியில் அப்பாவின் சட்டைப்பையில் நின்றது. தீப்பெட்டி வெளியே வந்தது. அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“என்னமோ வியாதின்னு தரகரு சொன்னாரு. நெசந்தான் போல” என்றார் அப்பா, என்னைப் பார்த்து. செக்கிங்கும் என்னைப் பார்த்தார்.

பெண் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

“நான் தீக்காய வார்டுல வேலை பாக்கேன்ப்பா. எம்புட்டோ பேரு வந்துட்டாக. இந்த வியாதி உள்ளவுக ஒருத்தரும் வரல.”

பிறகு அப்பா, தன் தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“நாங்க கிளம்புனப்புறம் எடுத்துக்கோங்க, மாமா” என்றார் செக்கிங்.

மாமா என்ற சொல்லில் சம்பந்தம் முடிவாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் அந்த முதல் பாடத்தைப் படித்தேன். ஒருவர் செய்வதை நோய் என்று சொல்லுமுன், அவர் இருக்கும் இடம் எது, வேலை எது, அதனால் யாருக்குத் துன்பம் என்று கேட்க வேண்டுமாம். அடிக்கோடு போட்டேன். பரீட்சையில் அது வரவில்லை.

தரகரிடம் சொன்னது யார் என்று செக்கிங் கடைசிவரை கேட்கவில்லை. கல்யாணத்துக்காக அறையைக் காலி செய்த அன்று, என் பையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

இப்போதும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் ஒரு நொடி நிற்கிறேன், சட்டைப்பையைக் கொஞ்சம் முன்னால் காட்டியபடி.