இரண்டு மாமியார், ஒரு போர்டு

அன்பு மருமகள் சில்வியாவுக்கு,

காரைக்காலிலிருந்து மாமா மார்ட்டின். ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். பாரிஸ் குளிரில் நீயும் ஜாக்சனும் காய்ச்சல், சளி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மாவும் உன் அத்தையும் நலமா என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். போனில் எழுதினால் இருவரும் எடுத்துப் படித்துவிடுகிறார்கள், அதனால்தான் தபால்.

இருவரும் சேர்ந்து டிபன் கடை போட்டபோது, 'மதர்-இன்-லா கிச்சன்னு இங்கிலீஷ்ல பேர் வைங்க' என்று நீதான் சொன்னாய். சொன்னாயே தவிர, எழுதிக் காட்டவில்லை. பெயின்டர் சிவக்குமார் 'மதர்-இன்-லா'ஸ் கிச்சன்' என்று, எஸ்ஸுக்கு முன்னால் உயரத்தில் ஒரு கொக்கி போட்டு, எழுதி மாட்டிவிட்டார். உன் அம்மா இசபெல்லா அண்ணாந்து பார்த்தார்கள். "இதுல ஒரு மாமியார்தானே இருக்கு? அது யாருங்க சம்மந்தி?" உன் அத்தை ஆக்சிலியா சும்மா இருந்திருக்கலாம். "யாரா இருந்தா என்ன, அடுப்பு எங்க வீட்டுதுதானே" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், உன் அம்மா மீன்குழம்புச் சட்டியைக் கழுவி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார்கள். மறுநாள் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் குழம்பில்லாமல் ஆப்பத்தைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார்கள் பார், கடையை எரிக்காமல் போனதே பெரிது.

நான் சிவக்குமாரிடம் ஓடி, "ரெண்டு பேருப்பா, பன்மையாக்கு" என்றேன். அவர் லாவுக்குப் பின்னால் இன்னொரு எஸ் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிற பிரதீபா ஆப்பம் வாங்க வந்தவள், பார்த்துச் சிரித்துவிட்டாள். "அங்கிள், லாவுக்கு எஸ் போட்டா சட்டம்தான் பெருகும், மாமியார் பெருகமாட்டாங்க. மதருக்குப் போடுங்க. கொக்கி மட்டும் கடைசியில இருக்கட்டும்."

'மதர்ஸ்-இன்-லா'ஸ் கிச்சன்' ஆயிற்று. ஆனால் பெயரில் இருவரும் வந்தும், கடையில் ஒருத்திதான். உன் அத்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தம்மா ஒண்டியா என்னத்தைத் தின்னாங்களோ, போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள். போனேன். கதவைத் தட்டுமுன்பே உன் அம்மா சட்டியோடு கிளம்பி வாசலில் நின்றார்கள்.

வந்தவர்கள் போர்டைப் பார்த்தார்கள். "மாமியார் ரெண்டாச்சு, சரி. கொக்கி ஒண்ணுதானே இருக்கு? அது யாருக்கு?"

நல்லவேளை, பிரதீபா அங்கேயே இருந்தாள். "ஆன்ட்டி, உங்க ரெண்டு பேர் பேரையும் தனித்தனியா எழுதி ஆளுக்கொரு கொக்கி போட்டா, ஆளுக்கொரு கடைன்னு அர்த்தம். சேர்த்து ஒரே கொக்கின்னா, ரெண்டு பேருக்கும் ஒரே கடை."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு உன் அத்தை, "அப்ப ஒண்ணே போதும்மா" என்று சொல்லி, சட்டியை வாங்கி அடுப்பில் ஏற்றினாள். குழம்பு கொதித்ததும் உன் அம்மா முதல் கரண்டியை அவளிடம்தான் நீட்டினார்கள். "உப்பு பாருங்க சம்மந்தி."

ஆகவே இருவரும் நலம். மாதா உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மாமா மார்ட்டின்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் வீண். நீ முழுகாமல் இருப்பதாக ஜாக்சன் இப்போதுதான் போன் செய்தான். மாமியார் என்கிற பெயரே இனி வேண்டாமாம். இருவரும் ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றுகிறார்கள். 'கிராண்ட்மதர்' என்று எழுதவேண்டுமாம். சிவக்குமார் பிரஷ்ஷோடு நின்று, "எஸ் நடுவுலயா, கடைசியிலயா சார்?" என்று கேட்கிறார். எனக்கு எழுத்தே தெரியவில்லையம்மா, கண்ணெல்லாம் தண்ணீர்.